இரண்டு குரல், ஒரு கூட்டம்: அபாவின் ஒலி உருவான விதம்

அபா என்ற ஸ்வீடன் பாப் குழுவின் 'டான்சிங் குவீன்' பாட்டை ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். பியானோக் கட்டைகளின் மேல் விரலை ஒரே இழுப்பாக இழுக்கும் சத்தம் முதலில் வரும். அப்புறம், சரணம் எதுவும் இல்லாமல், பல்லவியின் பின்பாதியிலேயே பாட்டு தொடங்கிவிடும். அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை பெண்கள் பாடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் முதல் தடவை ஏழெட்டுப் பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். உண்மையில் இரண்டே பேர்: அக்னெத்தா ஃபால்ட்ஸ்கோக், ஃப்ரீடா என்று அழைக்கப்படும் ஆனி-ஃபிரிட் லிங்ஸ்டாட்.

பியோர்ன் உல்வேயஸ், பென்னி ஆண்டர்சன் என்ற இருவரையும் சேர்த்து, நால்வர் பெயரின் ஆங்கில முதல் எழுத்துகள்தான் (ABBA) குழுவின் பெயர். ஸ்வீடனில் அதே பெயரில் டப்பா மீன் விற்கும் பழைய கம்பெனி ஒன்று இருந்தது. அவர்களிடம் சம்மதம் கேட்டுத்தான் பெயரை வைத்துக்கொண்டார்கள். தமிழில் ஒரு ஒற்று கூடினாலும் உறவுமுறையே மாறிவிடும் என்பதால் நான் 'அபா' என்றே எழுதுகிறேன்.

1974 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி ஜெயித்தவர்கள் இவர்கள். போட்டியில் ஜெயித்துவிட்டு அடுத்த வருடமே காணாமல் போனவர்கள் நிறையப் பேர். அபா அப்படிப் போகவில்லை. 1976 அக்டோபரில் வெளிவந்த 'அரைவல்' ஆல்பம், 1977-இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஆல்பமானது. அதிலிருந்த 'டான்சிங் குவீன்' 1977 ஏப்ரலில் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அங்கே அவர்களுக்கு முதலிடம் வாங்கித் தந்த ஒரே பாட்டு அதுதான்.

அந்த ஒலிக்குக் காரணமானவர்களில், வெளியே அதிகம் தெரியாத ஒருவர் உண்டு: ஒலிப்பதிவாளர் மைக்கேல் பி. ட்ரெட்டோவ். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 1960-களில் உருவாக்கிய 'ஒலிச்சுவர்' பாணி பற்றி அவர் ஒரு புத்தகத்தில் படித்தார். ஸ்பெக்டர் செய்தது இதுதான்: லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு சிறிய ஸ்டுடியோவுக்குள் மூன்று நான்கு கித்தார், இரண்டு மூன்று பியானோ என்று ஒரே வாத்தியத்துக்குப் பல ஆட்களை உட்காரவைத்து, எல்லாரையும் ஒரே நேரத்தில் வாசிக்கச் சொல்வார். ஸ்டாக்ஹோமில் அவ்வளவு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ட்ரெட்டோவ் வேறு வழி பிடித்தார். இருக்கிற ஆட்களையே இரண்டு முறை வாசிக்க வைத்தால் என்ன? 1973-இல் 'ரிங் ரிங்' பாட்டில் அதைச் செய்துபார்த்தார்கள். கேட்டதும் இதுதான் நம் ஒலி என்று குழுவுக்குத் தெரிந்துபோனது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். இரண்டாவது முறை எதற்கு மெனக்கெட்டு வாசிக்க வேண்டும்? முதல் பதிவையே நகல் எடுத்து மேலே ஒட்டினால் போதாதா? போதாது. அச்சு அசலான இரண்டு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் கூடி, ஒலி 6 டெசிபல் உயரும். சத்தம் கூடுமே தவிர ஆள் கூடாது. வால்யூம் பொத்தானைத் திருப்பினாலும் அதே பலன்தான்.

ஆள் கூடியதுபோல் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் இரண்டும் கொஞ்சம் பொருந்தாமல் இருக்க வேண்டும். கித்தாருக்குச் சுருதி சேர்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒரே சுருதிக்கு வரும்போது 'வாவ்... வாவ்...' என்று ஒலி ஏறி இறங்கும். ஒன்று நொடிக்கு 440 தடவையும் மற்றது 442 தடவையும் அதிர்ந்தால், நொடிக்கு இரண்டு முறை அவை கைகோத்து வலுக்கும், இரண்டு முறை ஒன்றையொன்று அழிக்கும். பள்ளி இயற்பியலில் இதற்கு 'விம்மல்' என்று பெயர். அழகான பெயர். பாடம் நடத்தியவர் மட்டும் ஒரு தந்தியையும் மீட்டிக் காட்டவில்லை.

ஒரே ஆள் ஒரே வரியைத் திரும்பப் பாடினாலும் இதே பொருத்தமின்மை தானாக வந்துவிடும். மனிதக் குரலால் ஒரு சுரத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்க முடியாது. நடுங்கும், சறுக்கும், எழுத்தைத் தொடும் நேரமும் சில மில்லி நொடிகள் முன்னே பின்னே ஆகும். அந்த இடைவெளி சுமார் 30 மில்லி நொடிக்குள் இருக்கும்வரை மூளை அதைத் தனி எதிரொலியாகப் பிரிப்பதில்லை, ஒரே நிகழ்வாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஒரே நிகழ்வுக்குள் ஒவ்வொரு மேற்சுரமும் (அடிச்சுரத்தோடு கூடவே மெல்லியதாக ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) தனித்தனி வேகத்தில் விம்முகிறது. ஒரு தொண்டையிலிருந்து இப்படி வராது என்று மூளைக்குத் தெரியும். பல பேர் பாடுகிறார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறது.

ட்ரெட்டோவ் இதோடு விடவில்லை. ஒலிநாடா ஓடும் வேகத்தையும் மாற்றினார். அவர் செய்த காரியத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். எடுத்துக்காட்டாக, முதல் பதிவு உள்ள நாடாவை வழக்கத்தைவிட 1 சதவீதம் மெதுவாக ஓடவிடுவோம். அதைக் கேட்டபடி, தன் கித்தாரின் சுருதியை மாற்றாமலே, கித்தார்காரர் மறுபடி வாசிக்கிறார். பிறகு நாடாவைப் பழைய வேகத்தில் ஓட்டினால், முதல் கித்தார் தன் இடத்துக்கு வந்துவிடும். இரண்டாவது கித்தார் மட்டும் 1 சதவீதம் மேலே போய் நிற்கும். 440 எங்கே இருக்க வேண்டுமோ அங்கே 444.4. பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள அரைச்சுரம் என்பது ஏறக்குறைய 6 சதவீதம். எனவே இதை அபசுரம் என்று காது தள்ளாது, ஆனால் நொடிக்கு நாலைந்து விம்மல் உண்டாகிவிடும். இன்னொன்றும் நடக்கும். கித்தாரின் மரப்பெட்டிக்கென்று உள்ள ஒத்ததிர்வுகளும் (பெட்டி தானாகவே எடுப்பாக்கிக் காட்டும் சுரங்கள்) சேர்ந்தே மேலே நகர்வதால், இரண்டாவது கித்தார் சற்றுச் சின்ன உடம்புள்ள வேறொரு கித்தார் போலக் கேட்கும். சுவர் அகலமாவது இப்படித்தான்.

குரல்களிலும் ஒரு விஷயம் உண்டு. அக்னெத்தாவின் குரல் உச்சத்தில் ஒளிரும் வகை, ஃப்ரீடாவுடையது அதைவிடக் கீழே கனமானது. இருவரையும் அவரவர் எல்லையின் மேல்விளிம்பு வரை தள்ளிப் பாடவைப்பது பியோர்ன், பென்னி இருவரின் வழக்கம். உயரமாக, அழுத்திப் பாடும்போது குரல்நாண்கள் சட்டென்று மூடிக்கொள்ளும். மேற்சுரங்களுக்கு அதிக ஆற்றல் போகும். நம் காதுத்துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பக்கம் அடைத்த குழாய். அது 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்வதால், அந்தப் பகுதி ஒலி நமக்கு இயல்பாகவே எடுப்பாகக் கேட்கும். அன்றைய கையடக்க ரேடியோவின் சின்ன ஸ்பீக்கர் அடிச்சுரங்களைத் தின்றுவிடும், ஆனால் இந்தப் பகுதியை விட்டுவைக்கும். காரிலும் சமையலறையிலும் கேட்டவர்களுக்கு அபா மங்காமல் போய்ச் சேர்ந்ததில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு.

'டான்சிங் குவீன்' பதிவு 1975 ஆகஸ்டில் தொடங்கியது. அமெரிக்கப் பாடகர் ஜார்ஜ் மெக்ரேயின் 'ராக் யுவர் பேபி' பாட்டின் தாளம் அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வரிகள் இல்லாத வெறும் இசைப்பதிவை பென்னி வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக்காட்டியபோதே தனக்கு அழுகை வந்துவிட்டது என்று ஃப்ரீடா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விம்மலுக்கு விம்மல்! 1976 ஜூன் 18 அன்று, ஸ்வீடன் மன்னர் கார்ல் குஸ்தாவின் கல்யாணத்துக்கு முந்தைய இரவு, ஸ்டாக்ஹோம் ஆப்பெரா அரங்கில் பழங்கால அரசவை உடையணிந்து நால்வரும் அதைப் பாடினார்கள். பாட்டு கடைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

சரி, எல்லாம் இயற்பியல்தானா என்றால் இல்லை. மேலாளர் ஸ்டிக் ஆண்டர்சன் ஒரே பெரிய கம்பெனியிடம் உலகம் முழுவதற்கும் உரிமையைக் கொடுத்துவிடவில்லை. பிரிட்டனில் ஒருவர், அமெரிக்காவில் இன்னொருவர், ஆஸ்திரேலியாவில் வேறொருவர் என்று நாடு நாடாகப் பேசி விற்றார். அந்தந்த ஊர்க் கம்பெனிக்கு அது தன் சொந்தச் சரக்கு மாதிரி, முனைந்து விற்றது. அந்த வியாபாரம் இல்லாமல் ட்ரெட்டோவின் சுவர் ஸ்டாக்ஹோமைத் தாண்டியிருக்காது.

ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகக் கட்டியதை மேடைக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி 1977-இல் வந்தது. அந்த வருடம் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கச்சேரி நடத்தக் கிளம்பியபோது, ஒரே ஆள் இரண்டு முறை பாடும் வித்தையை மேடையில் செய்ய வழியில்லை. பின்னணிப் பாடகிகளையும் கூடுதல் வாத்தியக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆள் வாங்கக் காசில்லாமல் நாடாவில் செய்த தந்திரத்துக்கு, கடைசியில் நிஜமாகவே ஆள் வைக்க வேண்டியதாயிற்று.