நெறிக்கட்டிச் சிகிச்சைக்கு முன்னால் ஒரு ஹெபடைடிஸ் சி பரிசோதனை

இரண்டு கால்களிலும் கடுகு கடுகாகச் சிவந்த புள்ளிகள், மூட்டுவலி, பாதத்தில் மதமதப்பு. இப்படி வருகிறவர்கள் தோல், எலும்பு, நரம்பு என்று எல்லா மருத்துவர்களையும் பார்த்துவிட்டுத்தான் ரத்தநோய்ப் பிரிவுக்கு வருகிறார்கள். பலருக்கு ஹெபடைடிஸ் சி பரிசோதனை மட்டும் விட்டுப்போயிருக்கும்.

அது கல்லீரல் வைரஸ்தான். ஆனால் வருடக்கணக்கில் தங்கிவிட்டால் நோய் எதிர்ப்புக்கான பி செல்களையும் ஓயாமல் தூண்டுகிறது. கிருமியைக் கண்டதும் பி செல் பெருகும், கிருமி ஒழிந்ததும் அடங்கும். இந்த வைரஸோ தன் மேலுறைப் புரதத்தை மாற்றி மாற்றித் தப்பிக்கிறது, அதனால் பெருக்கம் நிற்பதில்லை. செல் பிரியப் பிரிய மரபணுப் பிழைகளும் சேர்கின்றன. ஒரே செல்லின் வாரிசுகள் கூட்டமாகி, குளிரில் உறையும் கிரையோகுளோபுலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. காலில் புள்ளிகள் வருவது இதனால்தான். மிகச் சிலருக்கு அந்தக் கூட்டம் லிம்போமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோயாகவும் மாறுகிறது.

கிரையோகுளோபுலினுக்கு எடுத்த ரத்தம் 37 டிகிரி சூட்டிலேயே லேபுக்குப் போக வேண்டும். வழியில் ஆறிவிட்டால் அந்தப் புரதம் அடியில் படிந்து, முடிவு 'இல்லை' என்று வந்துவிடும். இதை லேபில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

2002-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி சொல்வேன். மண்ணீரல் லிம்போமாவோடு ஹெபடைடிஸ் சி-யும் இருந்த 9 பேருக்கு வைரஸை ஒடுக்கும் இன்டர்ஃபெரான் ஊசி கொடுத்தார்கள். 7 பேருக்கு வைரஸ் மறைந்ததும் லிம்போமாவும் முழுதாக அடங்கியது. ஒருவருக்கு வைரஸ் திரும்பியபோது லிம்போமாவும் திரும்பியது. அதே லிம்போமா இருந்தும் ஹெபடைடிஸ் சி இல்லாத 6 பேருக்கு அதே மருந்து பலிக்கவே இல்லை.

இன்று இன்டர்ஃபெரான் ஊசி தேவையில்லை. பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை போதும், 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2018 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே மெதுவாக வளரும் லிம்போமா என்றால், கீமோவுக்கு முன் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். வேகமாக வளரும் வகை என்றால் கீமோவைத் தள்ளிப்போடவே கூடாது.

குணமான பிறகும், வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி பாசிட்டிவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ பரிசோதனைதான் கணக்கு. வைரஸ் போய்விட்டது என்று செக்கப்புக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். மாறிப்போன பி செல்கள் சிலருக்கு அதன் பிறகும் தங்கியிருக்கும்.