பிசுக்கும் மசகும்

கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டுக் குசினிக்கென அண்மையில் வாங்கிய துப்புரவுத் திரவப் போத்தலில் பெயர் மும்மொழியிலும் அச்சிடப்பட்டிருந்தது. தமிழில் ‘மசகு அகற்றி’ என்றிருந்தது. உள்ளே இருந்த திரவத்தில் குறையில்லை, அடுப்படி நிலத்தில் ஏறியிருந்த எண்ணெயை அது நன்றாகவே எடுத்தது. ஆனால் என் குசினி நிலத்தில் மசகு ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே இருந்தது பிசுக்கு.

குழப்பம் ‘கிறீஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ‘தடித்தது’, ‘கொழுத்தது’ எனப் பொருள்படும் ‘கிராசுஸ்’ என்ற இலத்தீன் சொல்லே பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் உருக்கிய விலங்குக் கொழுப்பையும், பின்னர் இயந்திரங்களுக்கு இடும் உயவுப் பொருளையும், சட்டியிலும் நிலத்திலும் படியும் எண்ணெய் அழுக்கையும் ஒருசேரக் குறிக்கலாயிற்று. கொழும்புத் தமிழில் அச்சொல் இவ்வளவு அகலமாக வழங்கவில்லை. கிறீஸ் என்றால் நமக்கு வாகனம் திருத்தும் இடத்துப் பொருள்தான். 2011 ஆம் ஆண்டு நாடெங்கும் பரவிய ‘கிறீஸ் பூதம்’ பற்றிய அச்சத்தை நினைவில் வைத்திருப்போர், பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக உடலில் எதையோ பூசிக்கொண்ட மனிதர்களைப் பற்றியே அன்று பேசப்பட்டது என்பதை அறிவர். அதைப் ‘பிசுக்குப் பூதம்’ என்று எவரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

அந்த இயந்திரக் கிறீஸுக்குப் பொருத்தமான தமிழ்ச் சொல்லே மசகு. வண்டிச் சக்கரம் தேயாமல் உருள்வதற்காக அச்சில் இட்ட கரிய மையைக் குறித்த சொல் அது. நம் நாட்டுச் செய்திகளில் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கேட்கும் ‘மசகு எண்ணெய்’ என்பதும் இதே சொல்தான். தமிழ்நாட்டார் கச்சா எண்ணெய் என்பதை நாம் இவ்வாறு சொல்கிறோம். எப்படியாயினும், மசகு என்பது ஒருவர் வேண்டுமென்றே இடுவது. அது வழுக்கும், உராய்வைக் குறைக்கும்.

பிசுக்கோ எவரும் இடாமல் தானே வருவது. மசகைப் ‘பூசினோம்’ என்கிறோம். பிசுக்கை அவ்வாறு சொல்வதில்லை, அது ‘பிடிக்கும்’, ‘படியும்’, ‘ஏறும்’. பிசுபிசு, பிசின் ஆகியவற்றோடு சேர்ந்த சொல் இது. மூன்றுக்கும் பொதுவான பொருள் ஒட்டிக்கொள்ளுதல். மலையாளத்தில் ஏறத்தாழ இதே ஒலியுடைய சொல் கஞ்சத்தனத்தைக் குறிக்கிறது, பிசுக்கன் என்றால் அவர்களுக்குக் கஞ்சன். கையில் பட்டது விடாமல் ஒட்டிக்கொள்வதை எண்ணினால் அந்தப் பொருளும் நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

பிசினோடு பிசுக்குக்கு உள்ள உறவு ஒலியளவில் நிற்பதில்லை. வடையோ மிளகாயோ பொரிக்கும்போது சட்டியிலிருந்து எழும் எண்ணெய்த் துளிகள் நிலத்தில் மெல்லிய படலமாக விழுகின்றன. அப்படலம் நாள்தோறும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் நாம் படித்த பல்பகுதியமாக மாறுகிறது. சோயா, சூரியகாந்தி போன்ற நிரம்பாத கொழுப்பு மிகுந்த எண்ணெய்களில் இது விரைவாக நிகழும். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பாக உள்ள தேங்காயெண்ணெயில் மிக மெதுவாகவே நிகழும். வெறுங்காலோடு அடுப்பருகே நின்றுவிட்டு அடியெடுத்து வைக்கும்போது உள்ளங்கால் ‘சப்’ என்று பிரிந்து வந்தால், மஞ்சள் படிந்த அந்த இடத்தில் இருப்பது எண்ணெயாக இருந்து பாதி பிசினாகிவிட்ட பொருள். வெறுந்தண்ணீர் ஊற்றித் துடைத்தால் அது இடம் மாறுமே தவிரப் போகாது.

அதைப் போக்குவது காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான பொருள். இங்கு இன்னொரு சொல்லையும் கவனிக்கலாம். குசினி என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். சிங்களம் ‘சபன்’ என்ற சொல்லையும் அவர்களிடமே பெற்றது. நாமோ இன்றும் சவர்க்காரம் என்கிறோம். கொழுப்பும் காரமும் வினைபுரிந்தே சவர்க்காரம் உண்டாகிறது என்ற இரசாயனத்தில் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சலவைச் சோடாவைச் சுடுநீரில் கரைத்து நிலத்தில் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டால் இதே வினைதான் சிறிய அளவில் நிகழ்கிறது. பிறகு தும்புத்தடியால் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சோடா வெள்ளையாகப் பூத்து நிற்கும். அப்பச்சோடாவும் காரந்தான், ஆயினும் வலுக் குறைவு. முன்னோர் சட்டி பானை தேய்த்த விறகுச் சாம்பலிலும் காரமே வேலை செய்தது.

பிசுக்கைக் களிம்பு என்று எழுதுவோரும் உண்டு. அது இன்னும் கெடுதலான பிழை. களிம்பு என்பது பித்தளையிலும் செம்பிலும் பூக்கும் பச்சை. அதற்குப் புளியும் தேசிக்காயும் வேண்டும். அதே தேசிக்காய்ப் புளியைப் பழைய வீடொன்றின் சிவப்புச் சீமெந்து நிலத்தில் பிழிந்தால் பிசுக்கு அப்படியே இருக்க, சீமெந்துதான் அரிக்கப்படும்.

ஆகவே குசினிப் போத்தலுக்கு ‘பிசுக்கு நீக்கி’ என்பதே நேரான பெயர் என்பது என் கருத்து. ‘அகற்றி’யிலும் பொருட்குற்றம் இல்லை. ஆனால் ‘பிசுக்கு’ போல வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரத்தின், அதாவது வன்றொடர்க் குற்றியலுகரத்தின், முன் உயிர் வந்தால் உகரம் கெட்டுப் ‘பிசுக்ககற்றி’ என்றாகும். கடையில் அதைக் கேட்டு வாங்குவதற்குள் நாக்கே ஒட்டிக்கொள்ளும். ‘நீக்கி’ முன் சொல் எவ்வித மாற்றமும் அடைவதில்லை. தெளிவு வேண்டுமானால் ‘எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி’ என்று அச்சிடலாம். ‘மசகு நீக்கி’ என்ற பெயரை வாகனம் திருத்தும் இடங்களுக்கு விற்கும் போத்தலுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே கழுவப்படுவது ஒருவர் அச்சில் இட்ட மசகுதான்.