பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்குமுன்: ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் நிபந்தனைகள்

சிங்கப்பூரில் முதல் வீடு தேடும் இளம் தம்பதியர் பெரும்பாலும் விலையையும் எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்தே பிடிஓ வீட்டை, அதாவது விண்ணப்பங்களைப் பெற்றபின் கட்டித்தரப்படும் அரசாங்க வீட்டை, தேர்ந்தெடுக்கின்றனர். 2024 அக்டோபர் விற்பனையிலிருந்து அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதிய வீடுகளை ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என மூன்றாக வகைப்படுத்தி வருவதால், அந்த வீடு எந்த வகை என்பதையும் அதே அக்கறையுடன் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான புதிய வீடுகள் ஸ்டாண்டர்ட் வகையைச் சேர்ந்தவை. குடியிருப்புப் பேட்டையின் மையத்துக்கோ எம்ஆர்டி நிலையத்துக்கோ அருகில் அமைபவை பிளஸ் ஆகவும், நகரின் நடுப்பகுதியிலும் அதை ஒட்டியும் அமைபவை பிரைம் ஆகவும் வகைப்படுத்தப்படுகின்றன. நல்ல இடத்து வீட்டின் சந்தை மதிப்பு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதை நடுத்தரக் குடும்பமும் வாங்க வேண்டுமென்பதற்காக அரசாங்கம் அதற்குக் கூடுதல் மானியம் தருகிறது. அந்த மானியம் ஒருசிலரின் விற்பனை லாபமாக மாறிவிடாமல் தடுக்கவே கடுமையான நிபந்தனைகள் உள்ளன. அவை நியாயமானவை என்பதே என் கருத்து.

விற்குமுன் கட்டாயம் குடியிருக்க வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் ஸ்டாண்டர்ட் வீட்டில் 5 ஆண்டுகள். மற்ற இரண்டிலும் 10 ஆண்டுகள். இக்காலம் சாவி பெற்ற நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே 28 வயதில் பிளஸ் வீட்டை முன்பதிவு செய்து, கட்டுமானம் முடிய நான்கு ஆண்டுகள் காத்திருப்பவர், 42 வயதில்தான் அதை விற்க முடியும். பிளஸ், பிரைம் வீட்டை விற்கும்போதும், முதல் உரிமையாளர் விற்பனை விலையில் குறிப்பிட்ட விழுக்காட்டைக் கழகத்துக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். இத்தகைய மானிய மீட்பு முதன்முதலில் 2021 நவம்பரில் ரோச்சோரின் ரிவர் பீக்ஸ் திட்டத்தில் அறிமுகமானபோது அது 6 விழுக்காடு. அந்த விகிதப்படி, 700,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்கப்படும் வீட்டுக்கு 42,000 வெள்ளி செலுத்த வேண்டும். விகிதம் திட்டத்துக்குத் திட்டம் மாறும் என்பதால் விற்பனை அறிவிப்பில் அதைத் தேடிப் படிப்பது அவசியம்.

பிளஸ், பிரைம் வீடுகளின் சில அறைகளை வாடகைக்கு விடலாம். முழு வீட்டையும் எக்காலத்திலும் விட முடியாது. மறுவிற்பனையில் அவற்றை வாங்கும் குடும்பங்களுக்கும் வருமான வரம்பு உண்டு. வெளிநாட்டு வேலை வந்தால் வீட்டை வாடகைக்கு விட்டுச் செல்லலாம் என்று எண்ணுவோருக்கு ஸ்டாண்டர்ட் வீடே பொருந்தும்.

புதிய வீடு வாங்கும் குடும்பத்துக்கான மாத வருமான வரம்பு 2019 செப்டம்பரில் 14,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 9,000 வெள்ளிக்கு மேற்படாத வருமானமுள்ள முதன்முறை வாங்கும் குடும்பங்கள், தொடர்ந்து 12 மாதம் வேலையில் இருந்திருந்தால், மேம்படுத்தப்பட்ட மத்திய சேமநிதி வீட்டு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2024 ஆகஸ்டில் அதன் உச்சத் தொகை 120,000 வெள்ளியாக்கப்பட்டது. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். அதே மாதம் கழகக் கடனுக்கான உச்சவரம்பு வீட்டு விலையில் 75 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால், எஞ்சிய கால் பங்கை சேமநிதியிலிருந்தும் ரொக்கத்திலிருந்தும் திரட்ட வேண்டியிருக்கும்.

35 வயதை எட்டிய ஒற்றையர் முன்பு குறிப்பிட்ட வட்டாரங்களில் மட்டுமே ஈரறை ஃபிளெக்சி எனும் சிறிய வகைப் புதிய வீட்டை வாங்க முடிந்தது. 2024 அக்டோபர் முதல் எல்லா வட்டாரங்களிலும் அவர்கள் விண்ணப்பிக்கலாம். நெடுங்காலம் பெற்றோருடன் வாழ்ந்து, அவர்களுக்கு அருகிலேயே இருக்க விரும்பும் பலருக்கு இது பெரிய மாற்றம்.

விண்ணப்பிக்குமுன் கழகத்திடமிருந்து தகுதிக் கடிதம் பெற்றிருக்க வேண்டும். குலுக்கலில் கிடைக்கும் வரிசை எண்ணைக் கொண்டு மட்டும் வாய்ப்பைக் கணிக்க வேண்டாம். 1989இல் தொடங்கிய இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் விகித வரம்பு உண்டு என்பதால், நல்ல எண் கிடைத்தும் விரும்பிய புளோக்கில் இடம் நிரம்பியிருக்கலாம். ஆனால், தேர்வுசெய்ய 10க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தும் எதையும் முன்பதிவு செய்யாத முதன்முறை விண்ணப்பதாரர்கள், ஓராண்டுக்கு இரண்டாம் முறை வாங்குவோரின் வரிசையில் வைக்கப்படுவர்.