குதிரைத்திறனுக்கு முன்பே டயர்: ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் எதை மாற்றுவது?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் அதன் திறனைக் கூட்ட விரும்பும்போது, கை முதலில் போவது பெரும்பாலும் எஞ்சின் பக்கம்தான். குதிரைத்திறன் ஒரே எண்ணில் அடங்கிவிடுவதால் ஒப்பிடவும் சொல்லிக்கொள்ளவும் எளிதாக இருக்கிறது. புதிய சைலன்சரின் சத்தமோ கார் வேகம் கூடியது போன்ற உணர்வைத் தானாகவே தந்துவிடுகிறது. ஆனால் முடுக்கம், வளைவில் திரும்புதல், நிறுத்தம் ஆகிய மூன்றிலும் எந்த உறுப்பு முதலில் தன் எல்லையைத் தொடுகிறதோ, அந்த உறுப்பின் எல்லைதான் காரின் எல்லை. அந்த உறுப்பு எது என்று தெரியாமல் செய்யும் மாற்றத்துக்குப் பணம் செலவாகுமே தவிர, பலன் கிடைப்பது தற்செயலே.

எஞ்சின் தரும் உந்துவிசை, பிரேக் தரும் தடைவிசை, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தேவைப்படும் பக்கவாட்டு விசை ஆகிய அனைத்தும் நான்கு டயர்கள் சாலையைத் தொடும் இடங்கள் வழியாகவே சென்றாக வேண்டும். 1,400 கிலோ எடையுள்ள ஒரு காரில் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் சராசரியாக 350 கிலோ சுமை இருக்கும். டயரின் காற்றழுத்தம் 2.3 பார் எனக் கொண்டால், அந்தச் சுமையைத் தாங்கத் தேவைப்படும் தொடுபரப்பு ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர் மட்டுமே. அந்தச் சிறிய பரப்பு எவ்வளவு விசையைக் கடத்த முடியும் என்பதை டயர் ரப்பருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு முடிவு செய்கிறது.

இந்தக் கெழுவில் ஏற்படும் சிறிய மாற்றம் எவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உராய்வுக் கெழு 0.9 உள்ள டயர்களுடன் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் முழு பிரேக்கில் நிற்க ஏறக்குறைய 44 மீட்டர் தேவை. கெழு 1.1 ஆக உயர்ந்தால் 36 மீட்டரே போதும். எட்டு மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் இரண்டாவது கார் முழுவதும் நின்றுவிட்ட அதே புள்ளியை முதல் கார் கடக்கும்போது, அது இன்னும் மணிக்கு 40 கி.மீ.க்கு மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவிலும் இதே மாற்றம் உச்ச வேகத்தை மணிக்கு 76 கி.மீ.யிலிருந்து 84 கி.மீ. வரை உயர்த்துகிறது. எஞ்சினில் எவ்வளவு செலவிட்டாலும் அந்த வளைவில் இந்த எட்டு கி.மீ. கிடைக்காது.

ஆனால் டயரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு விலை உண்டு. மென்மையான ரப்பர் கலவை சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நன்றாகப் படிந்து அதிகப் பிடிப்பைத் தருகிறது. அதே காரணத்தால் விரைவில் தேய்ந்தும் போகிறது. பந்தயத் தடத்துக்கென்றே செய்யப்பட்ட டயர் சூடேறிய பிறகுதான் தன் முழுப் பிடிப்பைக் காட்டும். அதன் ஆழம் குறைந்த பள்ளங்கள் தேங்கிய மழைநீரை வெளியேற்றத் திணறுவதால், கார் நீரின் மேல் மிதந்து வழுக்கும் அபாயமும் அதிகம். தினசரி சாலையில் ஓடும் காருக்கு நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரே பொருத்தமான முதல் மாற்றம் என்பது என் கருத்து. அதுவும் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழ் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும் என்பதால், குளிர் மிகுந்த பகுதிகளில் குளிர்காலத்துக்குத் தனி டயர் வேண்டும்.

அகலமான டயர் என்றாலே தொடுபரப்பு பெருகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காற்றழுத்தம் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறுவதில்லை. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது, அவ்வளவே. வளைவில் திரும்பும்போது அந்த வடிவம் உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் அகலத்தோடு விட்டமும் பெரிதான கனமான ரிம்மைப் பொருத்தினால், கிடைத்த நன்மையில் ஒரு பகுதி கைவிட்டுப் போகும். சக்கரம் முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்வதால், அதன் விளிம்பில் கூடும் ஒவ்வொரு கிலோவும் முடுக்கத்தின்போது ஏறக்குறைய இரண்டு கிலோவாகக் கணக்காகிறது. அந்த எடை ஸ்பிரிங்கால் தாங்கப்படாத எடை என்பதால், மேடுபள்ளங்களில் டயர் சாலையை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வதும் சஸ்பென்ஷனுக்குக் கடினமாகிறது.

டயருக்கு அடுத்தது பிரேக். பெரிய டிஸ்க்கும் அதை இறுகப் பிடிக்கும், வண்ணம் பூசிய பெரிய காலிப்பரும் பொருத்தினால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்பது பாதி உண்மைகூட அல்ல. இருக்கும் பிரேக்கை அழுத்தினால், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் இயங்கத் தொடங்குகிறது என்றால், டயரின் எல்லை வந்துவிட்டது, பிரேக்கின் விசை போதுமானது என்று பொருள். பெரிய பிரேக்கின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது: வெப்பத்தை உள்வாங்குவதிலும் வெளியேற்றுவதிலும். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் செல்லும் 1,400 கிலோ காரின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 14 லட்சம் ஜூல். நான்கு லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க இது போதும். அதன் பெரும்பகுதி ஐந்தே விநாடிகளில் டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது. மலைப்பாதையில் இறங்கும்போதோ பந்தயத் தடத்திலோ, டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

அப்போது முதலில் தோற்பது பெரும்பாலும் பிரேக் ஆயில்தான். கிளைக்கால் வகையைச் சேர்ந்த இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 எனப்படும் பிரேக் ஆயில் தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அதே தரத்துக்கு 155 டிகிரி இருந்தாலே போதும். காலிப்பருக்குள் அந்த வெப்பநிலை எட்டப்பட்டால் திரவத்தில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். ஆகவே ஓட்டுநர் மிதிக்கும் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரையை நோக்கி இறங்கும், கார் நிற்காது. எந்த முன்னறிவிப்பும் பெரிதாக இருக்காது. முந்தைய வளைவில் பெடல் சற்று மென்மையாக இருந்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வரும். உயர்ந்த கொதிநிலை கொண்ட புதிய பிரேக் ஆயிலும், டிஸ்க்கை உராய்ந்து நிறுத்தும் பேடுகளில் அதிக வெப்பத்தைத் தாங்கும் வகையும் இந்த அபாயத்தைத் தள்ளிப்போடுகின்றன. பெரிய பிரேக் தொகுப்போடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. பந்தயப் பேடுகளைச் சாலைக் காரில் பொருத்துவது மட்டும் வேண்டாம்: அவை குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிப்பதில்லை, காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் வரும் முதல் பிரேக்கில்தான் அது தெரியவரும்.

சஸ்பென்ஷனைப் பற்றிய தவறான எண்ணங்கள் இன்னும் அதிகம். வளைவில் கார் சாயும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் இந்த எடைமாற்றம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலையான வளைவில் மாறும் மொத்த எடையைக் காரின் நிறை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கிடையிலான தூரம், பக்கவாட்டு முடுக்கம் ஆகியவையே முடிவு செய்கின்றன. 1,400 கிலோ காரின் ஈர்ப்பு மையம் 50 செ.மீ. உயரத்திலும் சக்கர இடைவெளி 155 செ.மீ. ஆகவும் இருந்தால், புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கத்தில் ஏறக்குறைய 450 கிலோ வெளிப்பக்கம் மாறும். காரை 3 செ.மீ. தாழ்த்தினாலும் அது சுமார் 425 கிலோவாகத்தான் குறையும். ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரும் சாய்வைக் குறைக்கின்றன. மாறும் எடையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் எப்படிப் பகிர்வது என்பதையும் அவையே தீர்மானிக்கின்றன. சுமை கூடக் கூட டயரின் உராய்வுக் கெழு சற்றுக் குறைவதால், எந்த அச்சு அதிக எடைமாற்றத்தை ஏற்கிறதோ அந்த அச்சு முதலில் பிடிப்பை இழக்கிறது. முன்பக்கம் மட்டும் பாரைத் தடிப்பாக்கினால், கார் சாயாமல் நின்றாலும் வளைவில் மூக்கு வெளியே தள்ளுவது இதனால்தான்.

குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்துவது தோற்றத்துக்கு நன்றாக இருக்கலாம். ஆனால் பழைய ஷாக் அப்சார்பர் புதிய ஸ்பிரிங்கின் அதிர்வை அடக்கப் போதாமல் போகும். சக்கரம் மேலெழ இடமில்லாமல் ரப்பர் தடுப்பில் மோதி, வளைவின் நடுவே பிடிப்பு சட்டென்று அறுபடவும் கூடும்.

இதற்கு மாறாக, அலைன்மென்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைத் திருத்துவது மலிவானது, அதன் தேவையை டயரே காட்டிக்கொடுக்கும். வளைவுகளில் வேகமாக ஓட்டிய காரின் முன் டயர்களைப் பார்த்தால், வெளி ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, தேய்மானம் பக்கச்சுவர் வரை ஏறியிருக்கும். உள் ஓரத்தில் பள்ளங்கள் புதிது போலவே இருக்கும். கார் சாயும்போது டயரும் சாய்ந்து, ஓரத்தில் மட்டும் நிற்கிறது என்பதே இதன் பொருள். சக்கரத்தின் மேற்பகுதியை ஓரிரு டிகிரி உள்நோக்கிச் சாய்த்துவைத்தால், அதாவது எதிர்மறை கேம்பர் கொடுத்தால், வளைவில் தொடுபரப்பு முழுவதும் வேலை செய்யும். அளவு மீறினால் நேர்ச்சாலையில் உள் ஓரம் தேயும், பிரேக் பிடிப்பும் குறையும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எஞ்சின். உயர்வேகத்தில் காற்றுத்தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 10 விழுக்காடு கூடுதல் திறன் உச்ச வேகத்தை ஏறக்குறைய 3 விழுக்காடுதான் உயர்த்தும். முடுக்கத்தில்தான் அதன் பலன் தெரியும். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சினில் காற்று வடிகட்டியும் சைலன்சரும் தரும் ஆதாயம் பொதுவாகச் சொற்பம். வடிகட்டி எஞ்சின் அறையின் சூடான காற்றை இழுக்கும்படி அமைந்துவிட்டால் நட்டமே மிஞ்சும்: 20 டிகிரி காற்றைவிட 50 டிகிரி காற்றின் அடர்த்தி 9 விழுக்காடு குறைவு. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியை அகற்றுவது பல நாடுகளில் சட்டவிரோதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டர்போ எஞ்சினின் கதை வேறு. எஞ்சினின் கணினி நிரலைத் திருத்தி, அதாவது ரீமேப் செய்து, டர்போ அழுத்தத்தை உயர்த்தினால் சிலிண்டருக்குள் அதிகக் காற்று நுழையும், அதற்கேற்ற எரிபொருளும் சேரும், முறுக்குவிசை கணிசமாகக் கூடும். ஆனால் காற்றை அதிகமாக அழுத்தினால் அது அதிகமாகச் சூடாகும். சூடான கலவை தீச்சுடர் எட்டும் முன்பே தானாக வெடித்து நாக்கிங்கை உண்டாக்கும். அதை உணர்ந்த கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும்போது, முதல் ஓட்டத்தில் கிடைத்த திறன் மூன்றாவது ஓட்டத்தில் காணாமல் போகிறது. அதனால்தான் ரீமேப் செய்பவர் உயர் ஆக்டேன் பெட்ரோலையும் டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கிளட்ச் உள்ள காரானால் அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்: உயர் கியரில், குறைந்த சுழற்சியில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது எஞ்சின் சுழற்சி விறுவிறுவென்று ஏறியும் காரின் வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால், இருக்கும் முறுக்குவிசையையே கிளட்ச் தாங்கவில்லை, ரீமேப்புக்கு முன்பே அதை மாற்றியாக வேண்டும்.