துக்கம்: பௌத்தத்தில் அதன் பொருளும், வேரும், தமிழ்ச் சொல்லும்

பௌத்தத்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் முதல் பத்தியிலேயே சறுக்கும் சொல் துக்கம். 'வாழ்க்கை துக்கமயமானது என்றார் புத்தர்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். படிப்பவருக்கோ துக்க வீடு, துக்கம் விசாரிப்பது, துக்கம் தொண்டையை அடைப்பது, இவைதான் நினைவுக்கு வரும். சரி, இது ஏதோ அழுமூஞ்சி மதம் போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார். அவர்மேல் தப்பில்லை. பேச்சுத் தமிழில் துக்கம் என்றால் சாவும் இழப்பும் தரும் சோகம்தான். பௌத்தத்தின் பழைய நூல்கள் பாலி மொழியில் இருக்கின்றன; அந்தப் பாலி நூல்களின் துக்கம் இந்தச் சோகத்தையும் தனக்குள் அடக்கிக்கொண்டு இன்னும் வெகுதூரம் விரிவது.

முதலில் வேர். பாலியில் 'துக்க', வடமொழியில் 'துஃக்க'. எந்த வழியாக வந்திருந்தாலும் தமிழில் துக்கம் என்றுதான் ஆகியிருக்கும். எதிர்ச்சொல் 'சுக', நம் சுகம். 'சு' நல்லது, 'துஸ்' கெட்டது. இரண்டுக்கும் பொதுவான 'க' என்பது துளை அல்லது வெளி. ரிக் வேதத்தில் 'சுக' என்பது தேருக்கு அடைமொழியாக வருகிறது. அச்சுத்துளை சரியாக அமைந்து தடங்கலில்லாமல் ஓடும் தேர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அப்படியானால் துளை சரியில்லாமல் சக்கரம் உரசிக்கொண்டு ஓடுவது துக்கம். கேட்க அழகாக இருக்கிறது. அதனாலேயே எல்லோரும் இதை எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் இந்த விளக்கத்துக்கு ஆதாரம் 'சுக' என்ற சொல்லில்தான் இருக்கிறது, 'துக்க' அதன் எதிரொலியாக ஊகிக்கப்படுகிறது. வடமொழி அகராதி தொகுத்த மோனியர் வில்லியம்ஸே, துக்கம் 'துஸ்-ஸ்த' என்பதன் பிராகிருத (பேச்சுவழக்கு) வடிவமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். அதாவது சரியாக நிற்க முடியாத நிலை.

பௌத்த உரையாசிரியர்களுக்கு இந்தத் தேர் விஷயம் எதுவும் தேவைப்படவில்லை. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து விசுத்திமக்கம் என்ற பெரிய பாலி விளக்க நூலை எழுதிய புத்தகோசர் சொல்லைத் தன் வழியில் பிரிக்கிறார். 'து' என்றால் இழிவு, கெட்ட பிள்ளையை 'துப்புத்த' என்பது போல. 'க' என்றால் வெறுமை. துன்பங்கள் பல குடியிருப்பதால் இழிவு. நிலைப்பது, அழகு, இன்பம், 'நான்' என்று அறியாதவர் அதில் தேடும் எதுவும் அங்கே இல்லாததால் வெறுமை. மொழியியலாக இது நிற்காது. ஆனால் அந்தச் சொல்லை அவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று இல்லை. அவர்கள் காதில் துக்கம் என்றால் அழுகை இல்லை. ஏதோ இருப்பதாக நம்பித் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்பதுதான்.

இனி பொருள். காசிக்குப் பக்கத்தில், இன்று சாரநாத் எனப்படும் இடத்தில், ஐந்து துறவிகளுக்குப் புத்தர் சொன்ன முதல் உரையிலேயே துக்கத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு, பிடிக்காததோடு சேர்ந்திருப்பது, பிடித்ததைப் பிரிவது, விரும்பியது கிடைக்காமல் போவது. இதுவரை யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அப்புறம் ஒரு வரி வருகிறது: சுருக்கமாகச் சொன்னால், பற்றுக்கு இடமான ஐந்து கந்தங்களுமே துக்கம். ஐங்கந்தம் எவை என்பதை மணிமேகலை ஒரு மூச்சில் சொல்லிவிடும்: 'உருவு நுகர்ச்சி குறிப்பே பாவனை உள்ள அறிவு'. உடம்பு, இன்ப துன்பங்களை நுகர்வது, ஒன்றை இன்னதென்று குறித்துக்கொள்வது, மனத்தின் முனைப்புகள், அறிவு. ஆள் என்று நாம் சொல்வது இந்த ஐந்தின் தொகுப்பைத்தான். சிரித்துக்கொண்டிருக்கும் ஆளும் இதில் அடக்கம் என்பதால், அழுகையே இல்லாத ஒரு நல்ல நாளும் துக்கம் என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

இந்த விரிவை மூன்று அடுக்காகப் பிரித்துச் சொன்னவர் புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர். ஜம்புகாதகர் என்ற துறவி 'துக்கம் துக்கம் என்கிறார்களே, அது என்ன?' என்று கேட்டபோது அவர் கொடுத்த விடை: துக்க துக்கம், விபரிணாம துக்கம், சங்கார துக்கம். முதலாவது வெளிப்படையான வலி. பல்வலி, காய்ச்சல், பிரிவு. இரண்டாவது மாறுவதால் வரும் துக்கம். இன்பம் இன்பமாக இருக்கும்போதே அதற்குள் அதன் முடிவும் இருக்கிறது.

இந்த இரண்டாவதுக்குத் தமிழில் இருப்பதைப் போன்ற ஒரு பாட்டு வேறு எங்காவது இருக்குமா என்பது சந்தேகம்தான். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தில் நமக்கு மிஞ்சியவை 19 பாடல்கள். அவற்றில் ஒன்று:

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் வியல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாதது என்னோ

பச்சைக் குழந்தையாக இருந்த தன்மை செத்தது, சிறுவன் செத்தான், காளை செத்தான், காமுற்ற இளமையும் செத்தது. நாள்தோறும் செத்துக்கொண்டிருக்கிறோமே, நமக்கு நாம் ஏன் அழுவதில்லை? 'மாறியது' என்று சொல்லக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் 'செத்தும்' என்று அடிக்கிறார் புலவர். இன்னொருவர் செத்தால் அழுகிறோம், அதற்குத் துக்கம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். அதே நிகழ்ச்சி நமக்குள் சத்தமில்லாமல் நடக்கும்போது பெயரே வைக்கவில்லை. பேச்சுத் தமிழின் துக்கத்துக்கும் பௌத்தத்தின் துக்கத்துக்கும் உள்ள தூரத்தை இந்தக் கடைசி அடி ஒன்றே கடந்துவிடுகிறது.

மூன்றாவது, சங்கார துக்கம், தமிழில் எழுதும்போதே தகராறு செய்யும். பாலியின் 'சங்கார' என்பது பல காரணங்கள் கூடி ஆக்கப்பட்டது. தமிழ் வாசகருக்கோ சங்காரம் என்றால் அழிப்பது, சூரசங்காரம். ஆக்கத்தைக் குறிக்கும் சொல் தமிழ் எழுத்தில் அழிவாகிவிடுகிறது. அதனால் நான் இதை 'ஆக்கத் துன்பம்' என்றே எழுதுவேன். காரணங்கள் கூடி ஆனது எதுவும் காரணங்கள் கலைந்தால் கலைந்துவிடும். அதன்மேல் சாய முடியாது. வலி இருக்கிறதோ இல்லையோ, சாய முடியாத அந்தத் தன்மையே துக்கம்.

இது வெறும் தத்துவமாகத் தோன்றினால் உட்கார்ந்து பார்க்கலாம். தியானம் பழகுபவர் யாருக்கும் இது தெரியும். சம்மணமிட்டு, அரை மணி நேரம் அசையாமல் இருப்பதாக முடிவுசெய்து உட்காருகிறோம். முதலில் சுகமாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கணுக்கால் அழுந்துகிறது, முழங்காலில் ஒரு சூடு, அப்புறம் கால் மரத்துப் போகிறது. காலை மாற்றிக்கொள்ளலாம் என்று மனம் நச்சரிக்கிறது. மாற்றினால் அப்பாடா என்றிருக்கும். ஆனால் அந்த இன்பம் புதிய நிலையிலிருந்து வந்ததில்லை, பழைய நிலையின் வலி நின்றதால் வந்தது. புதிய நிலையும் சற்று நேரத்தில் அதையேதான் செய்யும். நாம் நாள் முழுக்க உட்கார்ந்தும், நின்றும், நடந்தும், புரண்டும் மாற்றிக்கொண்டே இருப்பதால் உடம்பின் துக்கம் கண்ணுக்குப் படுவதில்லை என்கிறது விசுத்திமக்கம். தொடர்ச்சி நிலையாமையை மறைப்பது போல, இருப்பு நிலைகளை மாற்றுவது துக்கத்தை மறைக்கிறது என்பது அதன் கணக்கு.

வலி இன்னது, அதன்மேல் மனம் ஏற்றிக்கொள்வது இன்னது என்று பிரிப்பதும் இந்தப் பயிற்சியில் சேர்ந்ததுதான். அம்பு தைத்தவனை உடனே இன்னொரு அம்பும் தைப்பது போல, பயிற்சி இல்லாதவர் உடல் வலியோடு மனப் புலம்பலையும் சேர்த்து இரண்டு வலி படுகிறார் என்று சங்யுத்த நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் ஓர் உரை சொல்கிறது. பயிற்சி உள்ளவருக்கும் முதல் அம்பு தைக்கத்தான் செய்யும்.

எல்லாமே துக்கம் என்று புத்தர் சொன்னதாக எழுதுவதும் சரியில்லை. தம்மபதம் என்ற பாலிப் பாட்டு நூல் சொல்வது 'ஆக்கப்பட்டவை எல்லாம் துக்கம்' என்றுதான். ஆக்கப்படாத நிப்பானத்தை, அதாவது நிர்வாணத்தை, அதே நூல் 'உயர்ந்த சுகம்' என்கிறது. உலகத்தில் இன்பமே இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. உருவம் முழுக்கத் துக்கமாகவே இருந்திருந்தால் உயிர்கள் அதில் மயங்கியிருக்கவே மாட்டா என்று லிச்சவி குலத்தைச் சேர்ந்த மகாலி என்பவரிடம் புத்தர் சொல்கிறார். துக்கத்தை என்ன செய்வது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. துக்கம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி என்ற நான்கு வாய்மைகளில் ஒழிக்க வேண்டியது துக்கத்தின் காரணமான வேட்கை. துக்கத்தை முழுதாக அறிய வேண்டும் என்பதுதான் முதல் உரையின் சொல். 'துக்கத்தை ஒழிப்பதே பௌத்தம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இந்த வேலையை மணிமேகலை பாடிய சாத்தனார் எப்போதோ செய்துவைத்துவிட்டார். மணிமேகலையின் இரண்டாம் காதையில், பௌத்தத் துறவி அறவண அடிகள் தனக்கு அருளியது என்று மாதவி சொல்கிறாள்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது

நான்கு வாய்மைகளும் இவ்வளவில் அடங்கிவிட்டன, ஒரு பாலிச் சொல்கூட இல்லாமல். துன்பம் என்ற தேர்வில் ஒரு வசதியும் இருக்கிறது. சுகம், துக்கம் இரண்டும் ஒரே ஈற்றில் முடியும் இணை. இன்பமும் துன்பமும் அப்படியே. அந்த ஓசை இணை இல்லாமல் 'கவலை', 'சோகம்' என்றெல்லாம் எழுதினால் பாதி போய்விடும்.

முப்பதாம் காதை இன்னும் நுட்பமானது. பிறப்பைச் சார்ந்து என்னென்ன வரும் என்று சொல்லும்போது 'மூப்புப் பிணி சாக்காடு, அவலம் அரற்றுக் கவலை கையாறு எனத் தவலில் துன்பம் தலைவரும்' என்கிறார். பாலி வாய்பாட்டில் இந்த இடத்தில் சோக, பரிதேவ, துக்க, தோமனஸ்ஸ, உபாயாச என்று ஒரு வரிசை இருக்கும். முடிவில் 'இந்தத் துக்கத் தொகுதி முழுவதும்' என்று மறுபடி ஒரு துக்கம் வரும். முதல் துக்கம் உடல் வலி என்ற சின்னப் பொருள், பின்னது எல்லாவற்றையும் மூடும் பெரிய பொருள். ஒரே சொல் இரண்டு அளவில் வருவதால் பாலியில் படிப்பவர்களே குழம்புவார்கள். சாத்தனாரிடம் அந்தக் குழப்பம் இல்லை. சோகத்துக்கு அவலம், புலம்பலுக்கு அரற்று, மனம் வருந்துவதற்குக் கவலை, செய்வதறியாமல் ஓய்ந்துபோவதற்குக் கையாறு. எல்லாவற்றுக்கும் மேலே துன்பம். நாம் இன்று துக்கம் விசாரிக்கப் போகும்போது சொல்லும் துக்கம் இந்த வரிசையில் அவலம்தான்.

அவர் துக்கம் என்ற சொல்லைத் தொடவே இல்லையா என்றால், தொட்டிருக்கிறார். 'அநித்தம் துக்கம் அநான்மா அசுசி எனத் தனித்துப் பார்த்துப் பற்றறுத் திடுதல்' என்று அதே காதையில் வருகிறது. அது தியானத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியவற்றின் வரிசை: நிலையாமை, துன்பம், ஆன்மா இன்மை, தூய்மையின்மை. மற்ற மூன்றும் கலைச்சொற்களாக வரும் இடத்தில் துக்கமும் கலைச்சொல்லாகவே நிற்கிறது. விளக்கிச் சொல்லும் இடத்தில் துன்பம். இன்றைக்கும் இதைவிட நல்ல நடைமுறை எனக்குத் தெரியவில்லை.

துக்க துக்கம் என்ற இரட்டைச் சொல்லைப் பார்த்ததும் தமிழ் படித்தவருக்கு 'அவாவென்னும் துன்பத்துள் துன்பம்' என்ற குறள் ஞாபகம் வரும். வள்ளுவர் பௌத்தரா என்ற பழைய வழக்குக்குள் நான் போகவில்லை. சொல்லமைப்பு ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. சாரிபுத்தருக்கு அது வெளிப்படையான, சாதாரண வலி. வள்ளுவருக்கு அது எல்லாத் துன்பத்திலும் பெரிய துன்பம், ஆசை. ஆசை கெட்டால் இன்பம் இடையறாது வரும் என்பதில் மட்டும் இருவரும் ஒரே பக்கம்தான்.

மற்ற மொழிகள் என்ன செய்தன என்றும் பார்க்கலாம். சிங்களத்தில் அது 'துக' என்று தேய்ந்து வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. சீனர்கள் கசப்பைக் குறிக்கும் தங்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் பலர் அலுத்துப்போய் மொழிபெயர்க்காமல் துக்கா என்றே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு அது செல்லும், வாசகருக்கு அது புதுச் சொல் என்பதால் நாம் சொல்லும் பொருளை ஏற்றுக்கொள்வார். தமிழில் அப்படியே விட்டால் பழைய பொருள்தான் முந்திக்கொண்டு வரும்.

ஆகவே துக்க சத்தியத்துக்குத் துன்ப வாய்மை, விபரிணாம துக்கத்துக்கு மாற்றத் துன்பம், உடலளவில் நிற்கும் துக்கத்துக்கு வலி என்று எழுதலாம். துக்கத்தோடு சேர்ந்தே வரும் வேதனை என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பாலியில் வேதனை என்பது நுகர்ச்சி. அது இன்பமாகவும் இருக்கலாம், துன்பமாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். 'சுக வேதனை' என்று தமிழில் எழுதினால் படிப்பவர் அச்சுப் பிழை என்று நினைப்பார், இல்லாவிட்டால் ஏதோ காதல் கவிதை என்று நினைப்பார். இன்ப நுகர்ச்சி என்று எழுதினால் வேலை முடிந்தது.