கோபமா, பயமா?

பையன்களுக்குக் கோபமும் பெண் பிள்ளைகளுக்குப் பயமும் பிறவிக் குணம்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மரபணு, ஹார்மோன் கதையெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான், அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் குழந்தையைப் பார்க்கிறவரின் கண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1976இல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற இரு உளவியலாளர்கள் 9 மாதக் குழந்தை ஒன்றின் படத்தைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டியிலிருந்து பொம்மை துள்ளி எழ, குழந்தை கலங்குகிறது. ஆண் குழந்தை என்று கேள்விப்பட்டவர்கள் அதில் அதிகமும் கோபத்தைக் கண்டார்கள். பெண் என்று கேள்விப்பட்டவர்கள் பயத்தைக் கண்டார்கள். படம் என்னவோ ஒன்றேதான்! பயந்த குழந்தையை யாரும் வாரி எடுத்துக்கொள்வார்கள். கோபக்காரப் பயலை அப்படி அணைப்பார்களா? அவனுடைய பயம் ஆறுதல் கிடைக்காமலே போகும். அவளுடைய கோபம் கோபம் என்றே யாருக்கும் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது 2000இல் வெளிவந்த ஆய்வு. கேரன் அடால்ஃபும் சக ஆய்வாளர்களும் 11 மாதக் குழந்தைகளின் தாய்மாரிடம், உங்கள் பிள்ளை எவ்வளவு செங்குத்தான சாய்தளம் வரை தவழ்ந்து இறங்கும் என்று கேட்டார்கள். மகனைப் பெற்றவர்கள் கூட்டிச் சொன்னார்கள், மகளைப் பெற்றவர்கள் குறைத்துச் சொன்னார்கள். அப்புறம் குழந்தைகளை இறக்கிப் பார்த்தால், இரு தரப்பும் சமம். இத்தனைக்கும் இவர்கள் தினமும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்! இனி நடக்கக்கூடியதை யோசியுங்கள். அவளால் முடியாது என்று நினைக்கும் கை முன்கூட்டியே தூக்கிவிடும், பழக்கம் குறையும், குறைந்த பழக்கத்தால் வந்த தயக்கம், பார்த்தாயா, நான் சொன்னேனே என்று முதல் நினைப்புக்கே சாட்சியாக வந்து நிற்கும். பையனுக்கு இதுவே தலைகீழ். விழக்கூடிய இடத்திலும் பிடிக்க ஆள் இருக்காது.

அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 5 வயதில் இல்லாத வேறுபாடு 6, 7 வயதில் தலைகாட்டியது: மிகமிகப் புத்திசாலி யார் என்றால் தங்கள் பாலினத்தைச் சுட்டும் பெண் குழந்தைகள் குறைந்துபோனார்கள். பையன்களும் தப்பவில்லை. பள்ளிப் படிப்பில் பையன்கள் மட்டம் என்று சொல்லிவிட்டுத் தேர்வு வைத்தால் அவர்கள் மதிப்பெண் இறங்குவதாக 2013இல் பிரிட்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது.

ஆனால் இப்படித் தேர்வுக்குச் சற்று முன் ஒரு வார்த்தை சொல்லி மதிப்பெண்ணை மாற்றும் சோதனைகளை நான் முழுசாக நம்புவதில்லை. 2018இல் நெதர்லாந்தில் 2000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், பெண்களின் கணக்குத் தேர்வில் இதைச் சோதித்தபோது அந்த விளைவு தென்படவே இல்லை. ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் பழக்கக் குறைவுதான் எனக்கு வலுவான விளக்கமாகப் படுகிறது. அதை உறுதிசெய்யக் குழந்தைகளை 10, 15 ஆண்டு விடாமல் பின்தொடர வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்களோ மூன்றாம் ஆண்டே முடிவு எங்கே என்று கேட்கிறார்கள்.