தர்ணா: சொல்லும் அதற்குரிய தமிழும்

சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும்போது யாரேனும் ஒரு குடும்பம் முகப்பு வாசலில் தரையில் உட்கார்ந்துவிடுவதும், மறுநாள் நாளிதழில் ‘ஆட்சியர் அலுவலகம் முன் தர்ணா’ என்று சிறு செய்தி வருவதும் பழகிப்போனவை. பட்டா மாறுதலுக்கோ வழிப்பாதைத் தகராறுக்கோ பலமுறை மனுக் கொடுத்து, அவற்றின் ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் சேர்த்து வைத்திருப்பவர்களே பெரும்பாலும் அப்படி உட்காருகிறார்கள். காவலர் முதலில் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று சோதிப்பார். பிறகு ‘எழுந்து வாங்கம்மா, உள்ளே போய்ப் பேசிக்கலாம்’ என்பார். வரிசையில் நின்றபோது கிடைக்காத அழைப்பு வாசலில் உட்கார்ந்ததும் கிடைக்கிறது.

‘தர்ணா’ இந்தி வழியாக நமக்கு வந்தது. பற்றுதல், தாங்குதல், நிறுத்திவைத்தல் என்னும் பொருள்களையுடைய ‘த்ரு’ என்ற வடமொழி வேரிலிருந்து அது பிறந்தது. இன்று உட்காருதலையே அதன் பொருளாக நாம் எண்ணினாலும், எதிரே இருப்பவரை நகரவிடாமல் பிடித்துவைப்பதே அதன் கரு. முற்காலத்தில் கடன் கொடுத்தவர் கடனாளியின் வீட்டு வாசலில் உண்ணாமல் உட்கார்ந்துவிடுவார். அவர் பட்டினியால் இறந்தால் அந்தப் பாவம் வீட்டுக்காரரைச் சேரும் என்ற நம்பிக்கையே வசூலுக்கு உரிய கருவியாக இருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் தன் 508ஆம் பிரிவில், தெய்வக் குற்றத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரைப் பணியவைப்பதைக் குற்றமாக்கியபோது, பிறர் வாசலில் அந்த நோக்கத்தோடு தர்ணா இருப்பதையே முதல் எடுத்துக்காட்டாகக் காட்டியது. இப்படி, குற்றத்துக்கு விளக்கமாகச் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்ற ஒரு செயல் பிற்காலத்தில் குடிமக்களின் எதிர்ப்பு முறைகளுள் ஒன்றாயிற்று.

சொல் வடக்கே பிறந்ததென்றாலும் வழக்கம் நமக்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் ஆண்ட மாபார் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தவணை சொல்லியே இழுத்தடிக்கும் கடனாளியைச் சுற்றிக் கடன் கொடுத்தவர் தரையில் வட்டம் கீறிவிட்டால், கடனைத் தீர்க்காமலோ ஈடு கொடுக்காமலோ அவர் அதைத் தாண்டக்கூடாது என்றும், குதிரைமேல் சென்ற அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகர் இப்படி வளைத்துக் கோடு போட்டதையும், நிலுவையைப் பெறும்வரை அரசன் அசையாமல் நின்றதையும் தாம் கண்டதாகவும் குறிப்பிடுகிறார். இதே வகைச் செயலுக்குத் தமிழில் ‘பழிகிடத்தல்’ என்ற சொல் உண்டு. தன் எண்ணம் நிறைவேறும்வரை ஒருவர் வீட்டு வாயிலில் உணவின்றிக் கிடப்பது என்பது அதன் பொருள். ‘வேலை கேட்டு அவர் வீட்டு வாசலிலே பழியாய்க் கிடக்கிறான்’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்த வழக்கில் இதன் நிழல் இருக்கிறது. கிடப்பவர் உடலைத்தான் வருத்திக்கொள்கிறார். பழி வீட்டுக்குள் இருப்பவர்மேல் விழுகிறது. தர்ணாவின் இயக்கம் முழுவதையும் இந்த ஒரு சொல் அடக்கிக்கொண்டிருக்கிறது.

வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து உயிர்விடும் வடக்கிருத்தலை இதற்கு முன்னோடியாகக் காட்டுவோர் உண்டு. எதையும் சங்க காலத்தில் கண்டெடுத்துவிட வேண்டும் என்ற ஆர்வத்தைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. கோப்பெருஞ்சோழன் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தானே தவிர, யாரிடமும் எதையும் கேட்டு இருக்கவில்லை. கோரிக்கையும் கோரிக்கைக்குப் பொறுப்பான ஓர் ஆளும் இல்லாத நோன்பைத் தர்ணா என்று சொல்ல முடியாது.

இந்த முறையைக் காந்தி விரும்பவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1921ஆம் ஆண்டில் கல்கத்தா மாணவர்கள் சிலர் சக மாணவர்களின் வழியில் தர்ணா இருந்தபோது, அதைப் பழைய காட்டுமிராண்டித்தனம் திரும்பிவந்தது என்றே அவர் கண்டித்தார். தன்னை மிதித்துக்கொண்டு யாரும் போகமாட்டார்கள் என்று தெரிந்தே படுப்பது கோழைத்தனம் என்பது அவர் வாதம். தனிமனிதர் தனிமனிதரை மடக்கும் இடத்தில் அந்த வாதம் சரியே. ஆனால் அதிகாரமற்றவர் அதிகாரத்தின் வாசலில் உட்காரும்போது கணக்கு மாறுகிறது. தமிழில் ‘கடன்’ என்பது வாங்கிய பணத்தையும் ஆற்றவேண்டிய கடமையையும் சேர்த்தே குறிக்கும். சாலை கேட்டு ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து இறங்கிவந்து உட்காருபவர், மனுவில் ‘தயவுகூர்ந்து’ என்று எழுதியிருந்தாலும், உட்கார்ந்த அந்த நொடியில் கடன் கொடுத்தவராகிவிடுகிறார். அரசு செய்வது தயவு என்ற நினைப்பை அரசு செய்யவேண்டியது கடன் என்று மாற்றியதே பொதுப் போராட்டங்கள் நம் சமூகத்தில் செய்த பெரிய மாற்றம் என்பேன்.

தர்ணாவுக்கு ‘மறியல்’ என்று எழுதுவது பிழை. ‘மறி’ என்றால் தடு, திருப்பு. இலங்கைத் தமிழில் ‘விளக்கமறியல்’ என்பது விசாரணைக் காவலைக் குறிப்பதும் இந்தத் தடுத்தல் பொருளால்தான். 1920களில் கள்ளுக்கடை மறியல் செய்தவர்கள் கடைக்கு வருபவரைத் தடுத்துத் திருப்பினார்கள். அவர்கள் கேட்ட மதுவிலக்கு சட்டமானபோது, சென்னை மாகாணத்தில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலைக்காக 2018இல் அளவுக்கல் நட வந்தவர்களைத் தம் வயலில் நின்று எதிர்த்த விவசாயிகளின் செயலும் மறியலின் இனமே. வேறொருவர் வாசலுக்குப் போகாமல் தம் வாசலிலேயே தடுத்தார்கள். அந்த நில எடுப்பு அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்துசெய்ததற்கு வழக்காடியவர்களின் உழைப்பும் காரணம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு மீண்டும் வழிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இனி, தர்ணாவுக்கு என்ன எழுதலாம்? ‘அமர்வுப் போராட்டம்’ நேர் மொழிபெயர்ப்பு. ஆயினும் ‘அமர்வு’ நீதிபதிகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் போய்ச்சேர்ந்துவிட்டதால் வலுக்குறைந்து ஒலிக்கிறது. ‘உள்ளிருப்பு’ பணியிடத்துக்குள்ளேயே இருந்துகொண்டு வெளியேற மறுக்கும் தொழிலாளருக்கும் மாணவருக்கும் உரியது. ‘முற்றுகை’ அதிகாரியை வளைத்துக்கொள்வது. ‘பழிகிடத்தல்’ பொருளால் மிக நெருங்கியது என்றாலும், ‘பழி’ என்ற சொல் இன்று பழிவாங்கலையே நினைவூட்டுவதால் செய்தித் தலைப்புக்கு ஒத்துவராது. விவசாய சங்கங்களும் அரசு ஊழியர் அமைப்புகளும் பல காலமாக வழங்கிவரும் ‘காத்திருப்புப் போராட்டம்’ என்பதே என் தேர்வு. பதில் வரும்வரை எழமாட்டோம் என்ற உறுதி அதில் இருக்கிறது. மாலையில் கலைந்துவிடுவதென்று முன்கூட்டியே அறிவித்து, சேலம் கோட்டை மைதானத்தில் பந்தல் போட்டு நடத்துவதை அப்படி எழுதவேண்டியதில்லை. அதற்கு ‘ஆர்ப்பாட்டம்’ போதும்.